சேலத்துப் படச்சாலையும் பிறமொழிப் படங்களும்

இந்திப் படங்கள் ஏனைய மொழிப் படங்களை நெருக்கி வாழ்கின்றன என்னும் முறையீடு நம் விடுதியில் நாடோறும் கேட்கப்படுவது. அதனைப் பொய்யென யாம் கூறோம். கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் 1935-ஆம் ஆண்டில் ‘தேவதாஸ்’ கதையை வங்காளத்திலும், பின்னர் இந்தியிலும் எடுத்துப் புகழ்பெற்றனர். காலம் மாறியது, அங்குத் தொழில் கற்ற பிமல் ராய் பம்பாய்க்குச் சென்றார். வங்காளியாகிய அவர்தம் ‘தோ பிகா ஜமீன்’ (1953) இந்திப் படமாகவே உலகறிந்தது.

ஆயினும், இவ்வழக்கில் தமிழராகிய நாம் வாதியாக மட்டும் நிற்றல் தகுமோ? சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஏற்காட்டுச் சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவே போதும்.

முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931-இல் பம்பாயில் எடுக்கப்பெற்றது. ஏழாண்டு கழித்து, முதல் மலையாளப் பேசும்படமாகிய ‘பாலன்’ சேலத்தில் எடுக்கப்பெற்றது; அதனை இயக்கிய நொட்டானி மலையாளியல்லர். முதல் மலையாள வண்ணப்படமாகிய ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) தானும் சேலத்து டி. ஆர். சுந்தரம் அவர்கள் இயக்கியதே. நமக்குப் பம்பாய் எதுவாயிருந்ததோ, மலையாளத்திற்குச் சேலம் அதுவாயிருந்தது. பெரிய மொழியின் நிழலைப் பழிப்போர், தம் நிழல் எங்கு விழுந்ததென்றும் நோக்குதல் வேண்டும்.

இதனால் சுந்தரனாரைக் குறைகூறுகின்றோம் அல்லோம். முதலும் பொறியும் உடையார் கைகொடாவிடில் ‘பாலன்’ அன்று பிறந்திராது. கடன் இழிவன்று, தீராக் கடனே இழிவு. மலையாளத்தார் அதனைத் தீர்த்தனர். 1954-இல் வெளிவந்த ‘நீலக்குயில்’ தம் மண்ணின் சாதிக் கொடுமையைப் பேசியது. அதற்கு இசையமைத்த கே. ராகவன் தம் நாட்டுப்புற மெட்டுக்களையே கையாண்டார். மறு ஆண்டு சத்யஜித் ராய் வங்கத்துச் சிற்றூர் ஒன்றைப் ‘பதேர் பாஞ்சாலி’யில் காட்டினார். இவை இந்தியை எதிர்த்து எழுந்தவையல்ல. இந்தியைப் பொருட்படுத்தாமல் எழுந்தவை. இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாடு பெரிது என்பதே எம் கருத்து.

சேலமோ, 1954-இல் வந்த இந்தி அலிபாபாவைப் பின்பற்றி, 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்தது. கண்ணுக்கினிய படம், யாமும் விரும்பிப் பார்த்ததுண்டு. ஆயினும் சுந்தரனாரோ திருச்செங்கோட்டு நெசவுக் குலத்தவர், லீட்ஸ் நகரில் நெசவுக்கலை பயின்றவர். பாக்தாது வீதிகளுக்கு அரங்கம் சமைத்த அக்கூடத்திலிருந்து அம்மாபேட்டைத் தறிவீடுகள் சில கல் தொலைவே.