மாலுமியின் கதையை முழுவதும் சொல்லுங்கள்

எங்கள் வெள்ளானூரில் போர் என்றால் டாங்கிதான் நினைவுக்கு வரும். பக்கத்து ஆவடியில் விஜயந்தா டாங்கி உருவான கதையைத் தாத்தா வாயால் கேட்டே வளர்ந்தவன் நான். "1971 போரில் சாதாரண மாலுமி ஒருவரும் மகாவீர் சக்கரம் வாங்கியிருக்கிறார் தாத்தா" என்றேன். "யாருடா அது?" என்றார்.

அவர் பெயர் சிமன் சிங். பதவி, லீடிங் சீமன். அப்போரில் அவ்விருதைப் பெற்ற கடற்படையினர் எண்மர்; ஏனைய எழுவரும் அதிகாரிகள்.

1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் உள்நாட்டுப் போர் மூண்டது. பாகிஸ்தான் இராணுவத்தை எதிர்த்தெழுந்த வங்க இளைஞர்களுக்குப் பிளாசியில், பாகீரதி ஆற்றில், நம் கடற்படையினர் பயிற்சி அளித்தனர். பயின்றவருள் நம்மைப் போன்ற மாணவர்கள் ஏராளம்! ஆகஸ்ட் 15 இரவு, மார்பில் வெடியைக் கட்டிக்கொண்டு நீந்திச் சென்று, சிட்டகாங் முதலிய துறைமுகங்களில் கப்பல்களைத் தகர்த்தவர்கள் அவர்கள்.

டிசம்பர் 10-ஆம் நாள் பன்வெல், பத்மா, பலாஷ் என்னும் மூன்று படகுகள் குல்னாவை நெருங்கின. 'நம்முடையவை' என்று தெரிவதற்காக மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார்கள். இருந்தும் நம் விமானங்களே பகைவரென்று எண்ணித் தாக்கின. பத்மா மூழ்கியது. சிமன் சிங்குக்கும் காயம். கரையிலிருந்து பகைவர் சுட்டுக்கொண்டிருக்க, தத்தளித்தவர்களைத் தாங்கிக் கரை சேர்த்தார். அங்கும் ஆபத்து. தோழர்கள் தப்பட்டும் என்று பகைவர்மேல் தாமே பாய்ந்தார், சிறைப்பட்டார். பலாஷில் எஞ்சினை விட்டு அகல மறுத்த ருகுல் அமீன் அன்றே உயிரிழந்தார். வங்கதேசம் 'வீர சிரேஷ்டர்' என்று போற்றும் எழுவருள் அவரும் ஒருவர்.

என் குறை இதுதான். 'விமானத் தாக்குதலில் படகு மூழ்கியது' என்பதோடு சிலர் கதையை நிறுத்திவிடுகிறார்கள். யாருடைய விமானம்? அதைச் சொன்னால் படைக்கு இழுக்கு என்கிறான் என் வகுப்பு நண்பன். நான் ஒப்பவில்லை. ஆய்வுக்கூட ஏட்டில் பிழையான அளவீட்டை அழித்தெழுதினால் நம் ஆசிரியர் விடுவாரா? தம்மவர் குண்டாலேயே காயம்பட்டும் கடமையில் தளராத நெஞ்சம் அது. அந்தப் பிழையை மறைத்தால் அவருடைய பெருமையில் பாதியை அல்லவா மறைக்கிறோம்?

தாத்தாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பிடிபட்ட பிள்ளை உயிரோட வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தார் தாத்தா. போர் முடிந்தபின் ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டு வந்தார்கள்."