பேரம் பேச நேரம் கிடைத்திருக்கிறது

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளைப் பார்க்கலாம். சிலவற்றின் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும்: ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல’. விற்க நினைப்பவர்தான் பலகை மாட்டுவார். விற்காதவரும் எழுதிப்போட வேண்டியிருக்கிறது என்றால், ஆளில்லாத சொத்தைப் போலிப் பத்திரத்தில் விற்றுவிடுவார்கள் என்ற பயம் அந்த அளவுக்கு ஊறியிருக்கிறது. வீட்டு விலை ஏற ஏற, இந்தப் பயமும் கூடவே ஏறும்.

இப்போது அந்த ஏற்றத்தின் வேகம் தணிந்திருக்கிறது. கரோனாவுக்குப் பிந்தைய சில ஆண்டுகள் விற்பவர் சொன்னதே விலையாக இருந்தது. சில ஆய்வுக் கணக்குகளின்படி, நாட்டின் பெருநகரங்களில் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விற்ற வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது. விலை சரிந்துவிடவில்லை, ஆனால், வாங்குபவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். 2025 தொடக்கத்தில் 6.5% ஆக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி நான்கு முறை குறைத்து, டிசம்பரில் 5.25%க்குக் கொண்டுவந்தது; வீட்டுக் கடன் வட்டியும் அதையொட்டி இறங்கியது. ‘இன்றைக்கே அட்வான்ஸ் போடாவிட்டால் நாளைக்குக் கிடைக்காது’ என்று அவசரப்படுத்திய தரகர்கள்கூட, ‘வந்து பாருங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்கிறார்கள்.

விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இந்த நேரம் யாருடைய வெற்றியும் அல்ல, நெடுநாள் நிற்கப்போவதும் அல்ல. நிற்கும்போதே சில முறைகளை ஊர் கூடி வகுத்துக்கொண்டால்தான், அடுத்த ஏற்றத்தில் நடுத்தரக் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறாமல் இருக்கும்.

இடமில்லாத ஊர்: புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 293 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அதில் 9.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அந்தப் பரப்பும் ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. நெசவாளர் குடியிருப்பாகப் பெயர்பெற்ற முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே கடல். வடக்கே கொஞ்ச தூரத்தில் கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாடு. இங்கே வீடு கட்டுப்படியாகாமல் அங்கே குடிபோகிறவருக்கு மாநிலமே மாறிவிடுகிறது. ரேஷன் கார்டு, பிள்ளைகளின் குடியிருப்புச் சான்று என்று எல்லாவற்றுக்கும் புதிதாக அலைய வேண்டும். வாடகை ஆயிரம், இரண்டாயிரம் கூடினாலும் இங்கே அது ஒரு குடும்பத்தின் முகவரியையே மாற்றிவிடும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்று பாரீஸிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். தாத்தா பெயரில் இருக்கும் வீட்டுக்கு எட்டு பங்காளிகள். ஏழு பேர் சம்மதித்தாலும் எட்டாமவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளூரிலேயே இருக்கும் குடும்பங்களிலும் இதே கதைதான். பாகப்பிரிவினையைத் தள்ளிப்போடுவது சொந்தத்தைக் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வீட்டையும் சொந்தத்தையும் சேர்த்தே சிதைக்கிறது. பிரிக்க மனமில்லாதவர்கள், பொது அதிகாரப் பத்திரம் மூலம் ஒருவரைப் பொறுப்பாக்கி, எழுத்துபூர்வ ஒப்பந்தத்தோடு வாடகைக்காவது விடலாம். குடிவந்தவர் காலி செய்ய மாட்டார் என்ற பயம் உரிமையாளருக்கு. பத்து மாத அட்வான்ஸ் திரும்பி வருமா என்ற பயம் குடியிருப்பவருக்கு. இரண்டு பயத்துக்கும் மருந்து ஒழுங்கான ஒப்பந்தம்தான்.

இரண்டு விலை: பேரம் முடிந்ததும் தரகர் குரலைத் தாழ்த்தி, ‘பத்திரத்தில் எவ்வளவு போடலாம்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியால் அதிகம் அடிபடுவது சம்பளக்காரர்கள். ஒரு வீட்டின் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் முழு விலையையும் காட்டினால், அதில் 80% வரை, அதாவது 48 லட்சம், வங்கிக் கடன் கிடைக்க வழியுண்டு. கையிலிருந்து போட வேண்டியது 12 லட்சம். பத்திரத்தில் 40 லட்சம் மட்டும் காட்டினால் கடன் 32 லட்சத்தோடு நின்றுவிடும். மீதி 28 லட்சத்தைப் புரட்ட வேண்டும், அதிலும் 20 லட்சம் ரொக்கமாக. ஆசிரியராகவோ மருத்துவமனை ஊழியராகவோ இருப்பவருக்கு அது முடியுமா? ரொக்கம் வைத்திருக்கும் வெளியூர் முதலீட்டாளருக்கு முடியும். வீடு அவருக்குப் போகும். வாரக்கடைசியில் மட்டும் விளக்கெரியும்.

அசையாச் சொத்துக்கு 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். குறைத்துக் காட்டி வாங்கியவர், பின்னாளில் விற்கும்போது கூடுதல் ஆதாய வரியும் கட்டுவார். தெரிந்தும் செய்கிறோம், ‘ஊர்ல எல்லாரும் அப்படித்தான்’ என்று. அரசுக்கும் இதில் பங்கு உண்டு. வழிகாட்டி மதிப்பைச் சந்தை நிலவரத்துக்கு நெருக்கமாக உயர்த்தி, முத்திரைத் தீர்வை விகிதத்தைக் குறைத்தால், உண்மை விலையை எழுதுவதற்கு இருக்கும் தயக்கத்தில் பாதி போய்விடும்.

கட்டுபவரும் காப்பவரும்: 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது; விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10%க்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால், பதிவுக் கட்டாயம் 500 சதுர மீட்டரையும் எட்டு வீடுகளையும் தாண்டிய திட்டங்களுக்குத்தான். முத்தியால்பேட்டை போன்ற நெருக்கமான பகுதியில் பழைய வீட்டை இடித்து ஆறு வீடுகள் கட்டுகிறவர் இந்த வரம்புக்குள் வருவதில்லை. சிறிய கட்டுநர்கள் தாங்களாகவே இந்த இரண்டு விதிகளையும் ஏற்றுக்கொண்டால், விற்பனை மந்தமான காலத்தில் அதுவே அவர்களுக்கு நல்ல விளம்பரம். வாங்குபவரும் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, திட்டக் குழுமத்தின் ஒப்புதல் வரைபடம் ஆகியவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ரெயின்போ நகரில் காமாட்சியம்மன் கோயில் நிலமே போலி ஆவணத்தில் கைமாறிய வழக்கைப் பார்த்த ஊர் இது. பிரெஞ்சு மொழியில் இருக்கும் பழைய ஆவணங்களையும் சேர்த்து நிலப் பதிவுகள் அனைத்தையும் எவரும் சரிபார்க்கும்படி வைப்பது அரசின் கடமை.

விடுதியாக மாறும் வீடுகளுக்கும் கணக்கு வேண்டும். சுற்றுலா இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், குடியிருப்பு வரி கட்டிக்கொண்டு நாள் வாடகைக்கு விடுவது, முறையாகத் தொழில் நடத்துபவருக்கும் வாடகைக்கு வீடு தேடுபவருக்கும் செய்யும் அநியாயம்.

இதையெல்லாம் தெருவாரியாகப் பேச நமக்கு ஓர் அவை இல்லை. புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்ததோடு சரி. எந்தத் தெருவில் எத்தனை வீடு பூட்டியிருக்கிறது, எத்தனை விடுதியாகியிருக்கிறது என்று கணக்கெடுத்துக் கேள்வி எழுப்ப வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், வீட்டுக் கொள்கை தலைமைச் செயலகக் கோப்போடு நின்றுவிடும்.

விலை ஏறும்போது விற்பவர் பேச மாட்டார். இறங்கும்போது வாங்குபவர் பேச மாட்டார். இருவரும் பேசத் தயாராக இருக்கும் இப்போதே உள்ளாட்சித் தேர்தலுக்கு அரசு நாள் குறிக்கட்டும். நாம் எழுதும் அடுத்த கிரயப் பத்திரத்தில் உண்மை விலை இருக்கட்டும். அதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.