காருக்குள்ள யார் யார் இருந்தவை?

கலிஃபோர்னியாவில இருக்கிற என்ர மாமா எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில ஒரு படம் போட்டிருந்தார். ஒரு பழைய கார். பாதி இறக்கின கண்ணாடியில ஒரு தட்டுக் கொளுவிக்கிடக்கு. தட்டில பேர்கர், உருளைக்கிழங்குப் பொரியல், கண்ணாடிக் கோப்பையில ரூட் பியர். கார் ஜன்னலுக்குள்ளால மச்சானும் மச்சாளும் சின்னப்பிள்ளையளாய் எட்டிப் பாக்கினம். கீழ ஒரு வரி: "அந்தக் காலம் திரும்ப வராது."

மாமா எண்பதுகளின் கடைசியில அங்க போனவர். கையில காசு மட்டுமட்டு. சனிக்கிழமை பின்னேரத்தில குடும்பமாய்ப் போகக்கூடிய ஒரே இடம் அந்த டிரைவ்-இன் பேர்கர் கடைதானாம். காரை விட்டு இறங்கத் தேவையில்லை. ஆள் வந்து ஓடர் எடுப்பார், தட்டைக் கண்ணாடியில கொளுவிவிட்டுப் போவார். ரெண்டு பேர்கர் வாங்கி நாலாய்ப் பிரிப்பினம். மாமி வீட்டில இருந்து ஒரு சின்னப் போத்தலில கட்டச்சம்பல் கொண்டுபோவா. முதல் நாள் ரூட் பியரைக் குடிச்சுப்போட்டு, "இதென்னப்பா, சித்தாலேப மணக்குது!" எண்டு மாமி துப்பப் பாத்த கதை எங்கட வீட்டில இண்டைக்கும் ஓடுது.

இந்தக் கடைகளின் கதையைக் கொஞ்சம் தேடி வாசித்தேன். 1921இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் திறந்த 'பிக் ஸ்ராண்ட்' என்ற கடையைத்தான் முதல் டிரைவ்-இன் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கார் வந்து நிற்க முதலே பெடியள் ஓடிப்போய் அதன் பக்கப்படியில் தொற்றிக்கொண்டு ஓடர் எடுப்பார்களாம். 'கார்ஹொப்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கார் வர, இந்தக் கடைகளும் பெருகின.

அதை முடித்துவைத்ததும் காசுக் கணக்குத்தான். மக்டொனால்ட் சகோதரர்கள் 1940இல் சான் பெர்னார்டினோவில் தொடங்கியதும் ஒரு டிரைவ்-இன்தான். 1948இல் அதை மூடி, கார்ஹொப் ஆட்களை நிப்பாட்டி, பீங்கானுக்குப் பதிலாய்க் கடதாசி கொண்டுவந்து, 15 சதத்துக்குப் பேர்கர் வித்தார்கள். அதே வருசம் அதே கலிஃபோர்னியாவில் 'இன்-அன்-அவுட்' கடை, ஒலிபெருக்கியில் ஓடரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போற முறையைத் தொடங்கியது. நிண்டு சாப்பிட்ட இடம் வாங்கிக்கொண்டு ஓடுற இடமாய் மாறிப்போச்சு. மாமா ஏங்கிறது பேர்கருக்கு இல்லை எண்டு எனக்கு விளங்கினது இதிலதான். பேர்கர் இப்பவும் தெருவுக்குத் தெரு இருக்கு. ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் எங்கேயும் ஓடாமல் ஒரு காருக்குள்ள இருந்த அந்தப் பின்னேரம்தான் இல்லை.

"ஏன் மாமா, உள்ளுக்க மேசை போட்ட கடைக்குப் போயிருக்கலாமே?" எண்டு கேட்டன்.

"காருக்குள்ள நாங்கள் சத்தமாய்த் தமிழ் கதைக்கலாம் பிள்ளை. மாமி கையால பிசைஞ்சு குடுக்கலாம். ஆரும் திரும்பிப் பாக்க மாட்டினம். முக்கியமாய், நீ எந்த ஊர், ஆற்ற மகன் எண்டு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

கடைசி வசனம் எனக்குக் குத்தினது. ஏனெண்டா எங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு படம் இருக்கு.

2003. ஏ9 பாதை திறந்திருந்த காலம். மாமா குடும்பம் முதல்தரம் யாழ்ப்பாணம் வந்து, எல்லாருமாய் ரவுணில ஒரு ஐஸ்கிறீம் கடைக்குப் போனனாங்கள். அந்தப் படத்தில பதினொரு பேர் இருக்கிறம். அம்மப்பா இல்லை. அவர்தான் படம் எடுத்தவர் எண்டு நான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன். இல்லையாம். அவர் வெளியில சைக்கிளோட நிண்டவராம். கூப்பிட்டால் "எனக்குப் பல்லுக் கூசும், நீங்கள் சாப்பிடுங்கோ" எண்டு சொல்லுவார். பல்லுக் கூசுறவர் வீட்டில ஐஸ்பழம் சாப்பிடுவதை நான் என்ர கண்ணால கண்டிருக்கிறன்.

அவர் இளந்தாரியாய் இருந்தபோது ஊர்த் தேத்தண்ணிக் கடைக்குள்ள எங்கட ஆக்கள் இருக்கேலாது. வெளியில நிண்டு தனி ஏனத்தில வாங்கிக் குடிக்கவேணும். அதுக்கு எதிரான சட்டம் 1957இலேயே வந்திட்டுது. சட்டம் கொழும்பில இருந்தது, வாங்கு கடைக்காரரிட்ட இருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்துக்குப் பிறகு தேத்தண்ணிக் கடைகளுக்குள்ளயும் கோயில்களுக்குள்ளயும் போற போராட்டம் வலுத்தது. 1968இல் மாவிட்டபுரம். அந்தப் போராட்டங்களாலதான் கடைகள் திறபட்டது. ஆனால் அம்மப்பாவுக்குக் கடை வாசலைக் கண்டால் கால் நிண்டுவிடும். சாகும்வரைக்கும் அப்பிடித்தான்.

மாமாவின் டிரைவ்-இன் இதிலிருந்து தப்பின இடமா? தேடிப் பார்க்கும்போது அதுவும் இல்லை. தென் கரோலினாவில் ஒரு டிரைவ்-இன் கடைத் தொடர், 1964இல் சமத்துவச் சட்டம் வந்த பிறகும் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு குடுக்க மறுத்தது. டிரைவ்-இன்னில கனபேர் கடைக்குள்ள இருந்து சாப்பிடுறேல்லை, அதால சட்டம் பொருந்தாது என்று கீழ்நீதிமன்றம் சொன்னது. மேன்முறையீட்டில் அது தள்ளுபடியாகி, 1968இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் வழக்குப் போட்டவர்களே வென்றார்கள். மாவிட்டபுரமும் அதே வருசம்தான்.

மாமாவின் கலிஃபோர்னியாவிலேயே இன்னொன்று நடந்தது. டிரைவ்-இன் ஏக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பின படம் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973). கதை நடக்கிறது 1962இல். அதில் வருகிற கடை சான் பிரான்சிஸ்கோவின் 'மெல்ஸ் டிரைவ்-இன்'. 1963இல் அந்த மெல்ஸ் கடைகளுக்கு முன்னாலதான், கறுப்பினத்தவரை வாடிக்கையாளருக்கு முன்னால் நிற்கிற வேலைக்கு ஏன் எடுக்கிறேல்லை என்று கேட்டு இளைஞர்கள் மறியல் செய்தார்கள். படத்தின் அழகான இரவில் அந்தக் கேள்வி இல்லை.

"சாப்பாட்டுக்குள்ளயும் அரசியலோ? ஆக்களை நிம்மதியாய் ஏங்க விடுங்கோவன்" எண்டு சிலபேர் சொல்லலாம். நான் ஏங்க வேண்டாம் எண்டு சொல்லவில்லை. மாமாவின் சனிக்கிழமை உண்மை, மாமியின் சம்பல் போத்தல் உண்மை. ஆனால் ஏக்கம் எப்பவும் காருக்குள்ள இருந்தவையின்ர கதையைத்தான் சொல்லும். வாசலில நிண்டவரின் கதையை நாங்கள் கேட்டு எடுக்கவேணும். கேக்காமல் விட்டால், "அந்தக் காலம் எல்லாரும் ஒற்றுமையாய் இருந்தம்" எண்ட பொய் எங்கட தலைமுறையில உண்மையாய்ப் போயிடும்.

அதோட இது பழைய கதை மட்டுமில்லை. எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடை வாங்கில இண்டைக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை தனிய இருந்து தேத்தண்ணி குடிச்சால் எத்தனை பேர் திரும்பிப் பாக்கினம்? புதுசாய்த் திறக்கிற கஃபேயில நாங்கள் படம் எடுக்கேக்க, கோப்பை கழுவுற பெடியன் எந்த ஊர், ஏன் பள்ளிக்கூடம் விட்டவன் எண்டு எங்களுக்குத் தெரியுமா? இருபது வருசத்துக்குப் பிறகு நாங்களும் அந்தப் படங்களைப் போட்டு "அந்தக் காலம்" எண்டு எழுதத்தானே போறம்.

இதையெல்லாம் மாமாவுக்கு எழுதி அனுப்பினன். ரெண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. பிள்ளையளுக்கு அப்பப்பாவின் கதையை முதல்தரம் சொன்னாராம். கேட்டுப்போட்டு மச்சாள், "அப்ப அப்பப்பா வெளியில போனால் எங்க இருந்து சாப்பிடுவார்?" எண்டு கேட்டாளாம்.

"எனக்குத் தெரியேல்ல பிள்ளை. நான் ஒருநாளும் அவரைக் கேக்கேல்ல" எண்டு மாமா சொன்னார்.

உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு படம் இருக்கும். அதில இல்லாத ஆள் இன்னும் உயிரோட இருந்தால், இண்டைக்கே போய்க் கேளுங்கோ.