காற்றிலே ஈரம்... கையிலே டிப்ளமோ!



என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. காலையில் காவேரிப்பாக்கத்து வீட்டு வாசலில் நின்று, "இன்னிக்கு காத்துல ஈரம் ஜாஸ்திம்மா, தோலு காயாது" என்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

ஆனால் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு ஈரம்? அதை அப்பாவால் சொல்ல முடியாது. மழை வருமா என்று கணிக்க அந்தக் கணக்குதான் வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு பொங்கி வந்ததை நாம் மறந்துவிட்டோமா?

வானிலைத் துறையினர் கருவி கட்டிய பலூன் விட்டு இதை அளக்கிறார்கள். வழக்கமாக நாளைக்கு இரண்டு தடவைதான். லேசர் என்றால் சில நிமிடத்துக்கு ஒரு அளவு கிடைக்கும்! 355 நானோமீட்டர் ஒளித்துடிப்பை மேலே அனுப்பினால், அதில் மிகச் சிறு பங்கு நைட்ரஜனில் பட்டு 387 ஆகவும், நீராவியில் பட்டு ஏறக்குறைய 408 ஆகவும் அலைநீளம் மாறித் திரும்பும். இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்று தெரிந்துவிடும். திரும்பிவரும் நேரம் உயரத்தைச் சொல்லும். ஒரு மைக்ரோ செகண்டுக்கு 150 மீட்டர். பகலில் வெயில் குறுக்கிடும், அதனால் இரவே ஏற்றது. ஒளி இப்படி மாறும் என்று 1928-ல் கண்டு சொன்னவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன்!

திருப்பதி அருகே காதங்கியில், இன்றைய தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தில், ஜப்பானியர் கூட்டுறவோடு 1998-லேயே லேசர் லிடார் அமைத்தார்கள். வானத்துத் தூசியையும் மேல்வான வெப்பநிலையையும் அதனால் ஆராய்ந்தார்கள். நம் ஊரில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். நாமோ லேசருக்கு விரிவாக்கம் எழுதி இரண்டு மார்க் வாங்குவதோடு சரி! போன இண்டஸ்ட்ரியல் விசிட்டில் ஒரு கம்பெனி வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

"டிப்ளமோ படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். கண்ணாடியை நேர்கோட்டில் நிறுத்த, பவர் சப்ளையைப் பழுது பார்க்க, பலூன் கணக்கோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்ய, ராத்திரி முழுக்க பக்கத்திலேயே விழித்திருக்க ஆள் வேண்டாமா? அதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதானே!

யூனியன் நண்பர்களே, அடுத்த விசிட் காதங்கிக்குத்தான் என்று முதல்வரிடம் மனு கொடுப்போம். என் அப்பா சம்பளம் வாங்கும்போது கைநாட்டு வைக்கிறவர். அந்த மனுவில் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். அடுத்தது யார்?