பழைய மெசியில் பணம் போடுமுன் கியர் பொக்ஸைத் திறந்து பாருங்கள்

ஏ9 வீதியில் முறிகண்டியில் வைத்து மேற்கே திரும்பினால் அக்கராயன் வரும். குளத்தை நம்பிய வயல்கள், வயலை நம்பிய குடும்பங்கள். இப்பக்கத்தில் உழுவதும் உழவு மெசின்தான், நெல் மூட்டை ஏற்றுவதும் அதுதான். பெட்டியைக் கொழுவி விட்டால் மணலும் விறகும் கலியாண வீட்டுச் சனமும் போவதும் அதில்தான். அப்படி ஓடுகின்ற மெசின்களில் நாற்பது, ஐம்பது வருடங்களைக் கடந்த மெசி பேர்குசன்களை வன்னியில் இன்றும் காணலாம்.

2022இன் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அவ்வருட மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஜூன் மாதம் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவாகியது. புதிய மெசினின் விலை சாதாரண விவசாயியின் கைக்கு எட்டாமல் போகவே பழைய மெசிக்கு மவுசு கூடியது. வவுனியா, புத்தளம், மன்னார்ப் பக்கத்து எமது இளைஞர்கள் சிலரும் “பழையதை வாங்கித் திருத்தி வாடகைக்கு விடுவோம், அல்லது திருத்தி விற்போம்” என்று இத்தொழிலில் இறங்கப் பார்க்கிறார்கள். நல்ல தொழில் என்பதே எனது கருத்து. ஆனால் பலர் பணத்தைத் தொலைப்பது என்ஜினில் அல்ல, கியர் பொக்ஸில். அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஏன் மெசி என்று பார்ப்போம். 35 என்ற மொடல் 1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1964இல் 135 வந்தது. அதிலுள்ள மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் என்ஜினை ஊர் மெக்கானிக்மார் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டி விடுவார்கள். அதைவிட முக்கியமான காரணம் உண்டு. இந்தியாவில் டாஃபே நிறுவனமும் பாகிஸ்தானில் மில்லத் நிறுவனமும் இதே குடும்பத்து மெசின்களைத் தொடர்ந்து தயாரித்து வந்தன. ஆகவே பிஸ்டன், லைனர், கிளச் தகடு, பெயாரிங், ஒயில் சீல் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்காத பழைய மெசின் எவ்வளவு மலிவாக வந்தாலும் அதில் பணம் போடுவது வியாபாரமாகாது.

இனி கியர் பொக்ஸ். 135 என்று சொன்னவுடன் எல்லாம் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் நிற்கும் மூன்று மெசின்களுக்குள் மூன்று விதமான பெட்டிகள் இருக்கலாம்.

ஒன்று, பழைய ஆறு கியர் பெட்டி. மூன்று முன் கியரும் ஒரு பின் கியரும் கொண்ட சாதாரண பெட்டி. அதன் பின்னால் வேகத்தைக் குறைக்கின்ற ஒரு பற்சில்லுத் தொகுதி. உயர்வு, தாழ்வு என்ற சிறிய லீவரை மாற்றினால் மூன்று ஆறாகும். பின் கியர் இரண்டாகும். எளிமையானது, பழுது குறைவு. ஆனால் கியருக்குக் கியர் இடைவெளி அதிகம். சேற்று வயலில் ஒரு கியர் மெதுவாக இருக்கும், அடுத்தது ஓட்டமாக இருக்கும். நடுவில் வேண்டிய வேகம் கிடைக்காது.

இரண்டு, பிந்திய காலத்தில் வந்த எட்டு கியர் பெட்டி. முன் எட்டு, பின் இரண்டு. 240 மொடலிலும் இந்த எட்டும் இரண்டும்தான். உழவுக்கும் ரொட்டவேட்டருக்கும் பெட்டி இழுக்கவும் ஏற்ற வேகங்கள் அமைகின்றன. வாடகைக்கு ஓடுவதற்கு இதுவே சிறந்தது என்பேன்.

மூன்றாவது ‘மல்ரி பவர்’. இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிளச்சை மிதிக்காமலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறு லீவரைத் தட்டினால் வேகம் கூடும், குறையும். ஆறு கியர் பன்னிரண்டாகிறது, பின் கியர் நான்காகிறது. கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. விற்பவரும் “இது பன்னிரண்டு கியர் மெசின்” என்று விலையை ஏற்றுவார். ஆனால் இதன் வேலை முறை என்ன? உயர் நிலையில் எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் தகட்டுக் கிளச் ஒன்று பிடித்துக் கொள்கிறது. தாழ் நிலையில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கின்ற இணைப்பு ஒன்றினூடாக இழுவை போகிறது. சைக்கிளின் பின் சில்லு, மிதிக்கும்போது பிடித்து, மிதிக்காவிட்டால் சும்மா சுழல்வது போன்றது அது. அதாவது, மல்ரி பவரைத் தாழ் நிலையில் வைத்துச் சரிவில் இறங்கினால் என்ஜின் மெசினைப் பிடித்து நிறுத்தாது. பின்னால் ஐம்பது மூட்டை நெல்லுடன் பிறேக் இல்லாத பெட்டி தள்ளிக்கொண்டு வரும். வன்னி தட்டை நிலந்தானே என்று சொல்ல வேண்டாம். குளக்கட்டால் இறங்கும் பாதையும் வாய்க்கால் கரையும் போதும், மெசின் குடைசாய்வதற்கு. என்ஜினை நிறுத்தினால் எண்ணெய் அழுத்தமும் இல்லை. ஆகவே கியரில் போட்டு நிறுத்திவிட்டேன் என்று நம்பவும் முடியாது. கைப் பிறேக் சரியாக இருக்க வேண்டும், சில்லுக்குக் கட்டையும் வைக்க வேண்டும்.

இவ்வளவு வயது போன மல்ரி பவர் பல, எண்ணெய் சூடானதும் உயர் நிலையைப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். பம்பு, தகடு, சீல் என்று மாற்றிக்கொண்டு போனால் செலவு என்ஜின் வேலைக்குச் சமமாகிவிடும். அது நன்றாக வேலை செய்தால் வாங்குங்கள். செய்யாவிட்டால், திருத்தலாம் என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். சேகரித்து வைத்து அழகு பார்க்கிற வெளிநாட்டவருக்கு அது பொருந்தும். போகத்துக்குப் போகம் உழைத்துக் கொடுக்க வேண்டிய மெசினுக்குப் பொருந்தாது.

கிளச்சையும் கவனிக்க வேண்டும். இரட்டைக் கிளச் உள்ள மெசினில் பாதி மிதித்தால் ஓட்டம் நிற்கும், பின்புறத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால்தான் அதுவும் நிற்கும். ஒற்றைக் கிளச் மெசினில் மிதித்தவுடன் இரண்டும் நின்று விடும், ஹைட்ரோலிக்கும் தூக்காது. ரொட்டவேட்டர் போடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். மெசிக்கு லொறியைப் போல தனியான சேசிஸ் கிடையாது. என்ஜின், கியர் பொக்ஸ், பின் அச்சு மூன்றுமே ஒன்றோடொன்று பூட்டப்பட்டு உடம்பாகின்றன. ஆகவே ஒரு கிளச் தகடு மாற்றவும் மெசினை நடுவால் உடைக்க வேண்டும். உடைத்த கையோடு கியர் பொக்ஸின் முன் ஒயில் சீலையும் மாற்றாமல் பூட்டுகிற மெக்கானிக்கிடம் மறுபடி போக வேண்டாம். அந்த சீல் கசிந்தால் புதுத் தகடும் எண்ணெய் குடித்து வழுக்கும், மறுபடி உடைக்க வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியது அதிகமில்லை. கியர் பொக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் சேற்று நீர் உள்ளே போயிருக்கிறது. இரும்புத் துகள் மினுங்கினால் பற்கள் தேய்கின்றன. வெறும் மெசினாக ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பெட்டியைக் கொழுவி, சுமையோடு, அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். சுமையில் கியர் தானாகக் கழன்று விழுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். புதிய சிவப்பு வர்ணத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

திருத்தி விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு அடியில் இருந்த ஈரத்தை வெளிக்காட்டிய சம்பவத்தை ஜும்ஆ மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! கியர் கழன்று விழாமல் இருக்கத் தடித்த கிறீஸை அடைத்து விற்பது அந்த ஈரத் தானியம்தான். வாங்கியவர் காலபோக உழவின் நடுவில் வயலில் நிற்பார். அவருக்குப் போவது ஒரு மெசின் அல்ல, ஒரு போகம்.

இன்னொரு விடயம், சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். 2008இன் பிற்பகுதியில் யுத்தம் அக்கராயனை நெருங்கியபோது சனங்கள் பெட்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே இடம்பெயர்ந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட வாகனங்களில் உழவு மெசின்களும் ஏராளம். பின்னர் வன்னியில் பழைய இரும்பு வியாபாரம் சூடுபிடித்தது. எமது வியாபாரிகளும் அதில் இருந்தார்கள். அக்காலத்தில் கிலோக் கணக்கில் போன கியர் பொக்ஸும் பின் அச்சும் இன்று ‘புக்’ இல்லாத மெசின்களாக எழுந்து நிற்க வாய்ப்புண்டு. 1990 ஒக்டோபரில் சுமார் 75,000 வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வயலையும் வளவையும் மெசினையும் விட்டுத்தான் போனார்கள். விட்டுச் சென்ற பொருள் வேறொருவர் கையில் ஓடுவதைக் காண்பது எப்படி இருக்கும் என்று எமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே சேசிஸ் இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவுடன் ஒப்பிட்டுப் பாராமல் வாங்க வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு புறம். இடம்பெயர்ந்த ஒருவரின் உடைமையை அவருக்குத் தெரியாமல் வாங்கி விற்றுக் கிடைக்கும் இலாபம் ஹலாலா என்ற கேள்வி மறுபுறம்.

கடைசியாகப் பணம். லீசிங்கில் புதியது எடுத்தால் மாதத் தவணை. விவசாயிக்கோ வருமானம் போகத்துக்கு ஒரு முறை. மழை பிழைத்தால் தவணை பிழைக்கும், மெசின் போய்விடும். வட்டியின் பாவத்தை ஒதுக்கி வைத்து வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது பொருந்தாத ஏற்பாடு. பழைய மெசினை வைத்திருக்கும் அக்கராயன் விவசாயியும் கையில் பணம் உள்ள எமது முதலீட்டாளரும் கூட்டு உடைமையாளராகலாமே. உதாரணத்துக்கு, திருத்துமுன் மெசினை இருவரும் சேர்ந்து 9 இலட்சம் என மதிக்கிறார்கள் என்று வைப்போம். முதலீட்டாளர் திருத்த வேலைக்கு 6 இலட்சம் போடுகிறார். பங்கு மூன்றுக்கு இரண்டு. ஓட்டுகிறவரின் கூலி, டீசல், எண்ணெய், டயர்ச் செலவு முதலில் கழிய வேண்டும். மிகுதி அதே விகிதத்தில் பிரிய வேண்டும். மெசின் படுத்தால் நட்டமும் அதே விகிதத்தில்தான். “எனக்கு மாதம் இவ்வளவு கட்டாயம் தர வேண்டும்” என்று முதலீட்டாளர் கேட்டால் அது கூட்டல்ல, வேறு பெயரில் வட்டி. ஒப்பந்தத்தை எழுதி, ஊர் ஆலிம் ஒருவரிடமும் சட்டத்தரணி ஒருவரிடமும் காட்டிக்கொள்வது நல்லது. உரிமையாளர் தமிழராகவும் முதலீட்டாளர் முஸ்லிமாகவும் இருந்தால் எழுத்தில் இன்னும் தெளிவு வேண்டும்.

திருத்த வேலைக்கு ஏற்ற காலம் சிறுபோக அறுவடைக்கும் காலபோக முதல் மழைக்கும் இடைப்பட்ட நாட்கள். அதற்குப் பிறகு கராஜில் மெசினை உடைத்து வைத்துக்கொண்டு உதிரிப்பாகம் தேடி அலைகிறவரின் வயலை யாரோ ஒருவர்தான் கூலிக்கு உழ வேண்டியிருக்கும்.