பள்ளிக்கு நன்கொடை தந்தால் போதுமா?



ஆண்டு விழாவோ, விளையாட்டுப் போட்டியோ, ஊர்ப் பள்ளியிலிருந்து ரசீதுப் புத்தகம் முதலில் வருவது கடைவீதிக்குத்தான். நாமும் முகம் கோணாமல் கொடுக்கிறோம். சுதந்திர தினத்துக்கு மிட்டாய், பரிசுக்கு எவர்சில்வர் பாத்திரம், வகுப்பறைக்கு மின்விசிறி என்று நம் கை நீண்டுகொண்டே இருக்கிறது. "உபயம்" என்று பெயரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த மின்விசிறி இப்போது ஓடுகிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கு வந்த பணம் எதற்குச் செலவானது என்று கேட்கும் கூட்டத்தில் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்?

அப்படி ஒரு கூட்டம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்குப் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இந்தக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் கொண்டதாக இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-ல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் என்றானது. தலைவர் பெற்றோரில் ஒருவர். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பில் இருப்பவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் தகப்பனாருக்குச் சட்டம் கொடுக்காத நாற்காலியை, கட்டணம் கட்டாத பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த தாயாருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த நாற்காலி பல ஊர்களில் காலியாகவே கிடக்கிறது. பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். சரக்கு வந்து இறங்காமலே வரவுச் சீட்டில் கையெழுத்துப் போடும் கடைக்காரர் நம்மில் யாராவது உண்டா?

குழுவின் வேலை என்ன என்று பார்த்தால், அது நமக்குப் பழகிய வேலையாகவே இருக்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் சட்டத்திலேயே சொல்லப்பட்டவை. கடைக்காரர் பாஷையில் சொன்னால், இருப்பு பார்ப்பது, கொள்முதலுக்குப் பட்டியல் போடுவது, பற்று வரவு சரிபார்ப்பது.

மானியத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆண்டு மானியம் கணக்கிடப்படுகிறது. 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இந்தப் பணம் எல்லா ஆண்டும் ஒழுங்காக வந்துவிடுவதில்லை. 2024-25-ல் மத்திய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எது நிலுவை என்று எழுதி வைத்துக் கேட்பதற்கு ஆள் வேண்டும். நிலுவையைக் கேட்டு வாங்குவதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

சத்துணவையும் பாருங்கள். மதிய உணவைக் கண்காணிக்கும் பொறுப்பும் இக்குழுவுக்கு உண்டு. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 150 கிராம் என்பது அளவு. தொடக்கப் பள்ளியில் 80 பிள்ளைகள் சாப்பிட்டால் நாளைக்கு 8 கிலோ, இருபது நாளுக்கு 160 கிலோ. அதாவது ஐம்பது கிலோ மூட்டை மூன்றுக்குச் சற்று மேல். மளிகைக்காரர் இதற்குத் தாள் பேனா எடுக்க வேண்டியதில்லை. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். அரிசியில் வண்டு விழுந்தது எத்தனை நாள் முன்பு என்றும் சொல்லிவிடுவார். இந்த அறிவு பள்ளிக்கு இலவசமாகக் கிடைத்தால், அதன் பயன் எவர்சில்வர் டம்ளரை விடப் பெரிது.

ஆசிரியர் எண்ணிக்கைக்கும் சட்டத்தில் அளவு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். அறுபத்தோராவது பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க உரிமை வருகிறது. அதைக் கேட்டு எழுதும் இடம் வளர்ச்சித் திட்டம். மூன்று ஆண்டுத் திட்டமாக, நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அது தயாராக வேண்டும். டிசம்பரில் தூங்கிவிட்டு மார்ச்சில் விழித்தால், தீபாவளி முடிந்த பிறகு பட்டாசு கொள்முதல் செய்த கதைதான்.

கடையை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். கூட்டம் மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடையை ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் அல்லவா? அதோடு, போக வேண்டியவர் எப்போதும் நாம்தான் என்பதில்லை. எத்தனையோ சிறு கடைகளில் கல்லாவில் உட்கார்ந்து கணக்கைக் காப்பாற்றுவது வீட்டம்மாதான். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அவர் குழுவுக்கு நிற்கட்டும். குழு அமைக்கும் நாளில் பெற்றோர் கூடித் தங்களுக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று எழுந்து "நான் பொறுப்பேற்கத் தயார்" என்று சொல்வதற்குத் துணிவு தேவை, அதற்கு நாம் துணை நிற்க வேண்டும். அப்படி வந்த பிறகு பேச வேண்டியவரும் அவரே. கையெழுத்து அம்மாவுக்கு, பேச்சு ஐயாவுக்கு என்ற வழக்கம் வேண்டாம்.

நம் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள், நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். நம் கடையில் மூட்டை தூக்குபவரின் பிள்ளை எங்கே படிக்கிறது? பொட்டலம் கட்டும் பெண்ணின் பிள்ளை எங்கே படிக்கிறது? நம் கடையில் கணக்கு வைத்து வாங்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்தப் பள்ளி வாசலில்தான் நிற்கின்றன. அவர்கள் குழுவில் உறுப்பினராக இருந்தும் கூட்டத்துக்குப் போகாததற்கு, அரை நாள் கூலி போய்விடும் என்பதும் ஒரு காரணம். அந்தக் கூலி யார் கையில் இருக்கிறது? நம் கையில். ஆகவே நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் ஒரு தீர்மானம் போடலாம்: பள்ளிக் குழுவில் உள்ள கடை ஊழியருக்குக் கூட்ட நாளில் இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு விடுப்பு. மாதம் இரண்டு மணி நேரம் நம்மை ஏழையாக்காது. ஆனால் அது ஏழைத் தாயை அந்தக் கூட்டத்தில் உட்கார வைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குழுவில் இருக்கும் வணிகர், அந்தப் பள்ளிக்குத் தன் கடைச் சரக்கை விற்கக் கூடாது. சுண்ணாம்போ, விளக்கமாறோ, நோட்டுப் புத்தகமோ, எதுவானாலும் சரி. விலை நியாயமாக இருந்தாலும், "தானே தீர்மானம் போட்டுத் தானே பில் போட்டான்" என்ற ஒரு சொல் வந்துவிட்டால் போதும், அவர் பெயரும் போகும், கடைவீதியின் பெயரும் போகும். கட்சிக் கொடியையும் வாசலோடு விட்டுவிட வேண்டும். இந்த இரண்டிலும் சுத்தமாக இருப்பவர் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் வரும்.

வணிகருக்குப் பள்ளி புது விஷயம் அல்ல. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, கடைவீதி மக்களின் முயற்சியால் எழுந்த பள்ளி. வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அதை நடத்தினார்கள். தேங்காய் வியாபாரியின் மகனாகப் பிறந்த காமராஜர் படித்தது அங்கேதான். ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குப் போன அந்தப் பிள்ளை, முதலமைச்சரானதும் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பிடியரிசி கொடுத்த அந்தப் பெரியவர்கள் அரிசியை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பள்ளியைத் தாங்களே பொறுப்பேற்று நடத்தினார்கள்.

இன்று பள்ளியை நடத்துவது அரசு. நாம் நடத்த வேண்டியதில்லை, கவனித்தால் போதும். அந்தக் குழுவின் ஆயுள் இரண்டு ஆண்டு. அடுத்த முறை குழு அமைக்கும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த நன்கொடை ரசீது வரும்போது பணத்தைக் கொடுத்துவிட்டு, "போன வருஷத்து வளர்ச்சித் திட்டத்தில் என்ன கேட்டீர்கள், எது வந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கணக்கு சரியாகிவிடும் என்பது நம் கடை அனுபவம்.