யாருக்கு லாபம்?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். காலையில் பத்திரிகை வந்து விழுந்ததும் அவர் வீட்டுத் திண்ணை ஒரு நியாயஸ்தலமாகிவிடும். சில நாட்களுக்கு முன் நான் அந்தப் பக்கமாகப் போனபோது ஒரு வழக்கை விசாரித்து முடித்திருந்தார். எங்கோ ஒருவன் இறந்துபோனான். அவன் பேரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் இருந்தது. மனைவியைப் போலீஸார் பிடித்து வைத்து விசாரிக்கிறார்கள். செய்தி அவ்வளவுதான்; பத்து வரி இருக்கும். அவன் எப்படி இறந்தான், பிரேத பரிசோதனையில் என்ன கண்டார்கள் என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. தலைமையாசிரியருக்குத் தீர்ப்புச் சொல்ல அதெல்லாம் தேவைப்படவும் இல்லை.

"யாருக்கு லாபம் ஸார்? அதைக் கேளுங்கள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டியிருக்கிறது?" என்றார். நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, "நீங்களே கதையில் அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்று ஒரு போடு போட்டார்.

எழுதியிருக்கிறேன். மறுப்பதற்கில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதையில், இறந்தவன் வீட்டுப் பீரோவிலிருந்து துப்பறிகிறவன் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து விரிக்கும் இடத்தில் 'தொடரும்' போட்டேன். அடுத்த வாரம் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்தன. அவள்தான் கொன்றாள் என்பதற்கு என்ன ருசு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு எப்போது தூக்கு என்றுதான் கேட்டார்கள். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. தலைமையாசிரியரின் திண்ணையில் நின்றபோது அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

ஏனென்றால் பாலிசி இல்லாத வீடு எது? 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்ட நாளிலிருந்து ஏஜெண்டுகள் நம் வாசற்படி ஏறி, "உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் இவர்கள் கதி என்ன?" என்று கேட்டுக் கேட்டே நம்மிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். நாமினி என்ற இடத்தில் என் மனைவியின் பெயர் இருக்கிறது. அதாவது, நான் செத்தால் அவளுக்கு லாபம்! அவள் கையால் வைத்த ரசத்தைத்தான் தினமும் சாப்பிடுகிறேன். நாளைக்கு எனக்கு வாந்திபேதி கண்டு நான் போய்ச் சேர்ந்தால், தலைமையாசிரியரின் சட்டப்படி அவள் கதி என்ன? நல்லவனாகிய புருஷன் மனைவியின் பிற்காலத்துக்காகச் செய்து வைக்கிற ஏற்பாடே அவள் கழுத்துக்குச் சுருக்காகிறது.

முன்பின் தெரியாதவர்களின் உயிரின் பேரில் பந்தயம் கட்டுவதுபோல் இன்ஷூர் செய்துவந்த வழக்கத்தை இங்கிலாந்தில் 1774-ல் ஒரு சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இன்னொருவன் உயிரை இன்ஷூர் செய்ய வேண்டுமானால், அவன் உயிரோடு இருப்பதில் உனக்கு அக்கறை இருக்க வேண்டும் என்றார்கள். கணவன் மனைவி விஷயத்தில் மட்டும் அந்த அக்கறையை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, அது இருப்பதாகவே கொள்ளலாம் என்று கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்டன. மனைவிக்கு வேண்டியது புருஷனுடைய உயிர்தான் என்று சட்டம் நம்புகிறது. திண்ணைதான் நம்ப மாட்டேன் என்கிறது.

பணத்துக்காக யாரும் யாரையும் கொன்றதில்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஜார்ஜ் ஜோஸப் ஸ்மித் என்ற பாதகன் இங்கிலாந்தில் மூன்று பெண்களைக் கல்யாணம் செய்து, 1912, 1913, 1914 என்று மூன்று வருஷங்களில் குளிக்கும் தொட்டியில் அமுக்கிக் கொன்றான். அவர்களில் ஒருத்தியின் உயிருக்கு 500 பவுன், இன்னொருத்தியின் உயிருக்கு 700 பவுன் இன்ஷூரன்ஸ். அந்தக் கடைசிப் பெண் தாலி கட்டிய மறுநாளே பிணமானாள். (தாலி என்பது என் கைச்சரக்கு, அங்கே மோதிரம்.) 1915-ல் அவனைத் தூக்கில் போட்டார்கள். 1927-ல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்பவள் காதலனோடு சேர்ந்து புருஷனைக் கொன்றாள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவனுக்குத் தெரியாமலேயே பெரிய தொகைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாள்; அகாலத்தில் கோரமாகச் செத்தால் இரட்டிப்புத் தொகை என்ற ஷரத்தும் அதில் உண்டு. பிரீமியம் நோட்டீஸைத் தன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று தபால்காரனிடம் அவள் சொல்லி வைத்திருந்தது கோர்ட்டில் வெளியாயிற்று. அடுத்த ஜனவரியில் மின்சார நாற்காலி.

இவர்களுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடத் தயாரில்லை. ஆனால் கவனிக்க வேண்டும்: அங்கே பாலிசி இருந்தது என்பதல்ல விஷயம். யார் எடுக்க வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள், யாரிடம் மறைத்தார்கள் என்பதுதான் பேசிற்று. அதற்கும் மேலாக, எப்படிச் செத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இது ஒன்றும் இல்லாத ஒரு வழக்கைத்தான் தலைமையாசிரியருக்கு நான் சொன்னேன்.

புளோரன்ஸ் அமெரிக்காவில் அலபாமா மாகாணத்துப் பெண். பதினெட்டு வயதில் கப்பலில் வரும்போது ஜேம்ஸ் மேப்ரிக் என்ற லிவர்பூல் பருத்தித் தரகனைச் சந்தித்தாள். அவனுக்கு நாற்பதுக்கு மேல். 1881-ல் கல்யாணம். இரண்டு குழந்தைகள், பெரிய வீடு, சமையற்காரி, வேலைக்காரிகள், குழந்தைகளுக்குத் தாதி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. உள்ளே, அவனுக்கு வேறொருத்தியும் அவள் வயிற்றில் பிறந்த குழந்தைகளும் உண்டு. அத்துடன் பாஷாணம் தின்னும் பழக்கம் வேறு. வாலிபத்தில் மலேரியாவுக்கு மருந்தாகத் தொடங்கியது, பிறகு தெம்புக்கு என்று ஒட்டிக்கொண்டது. பாஷாணம் கலந்த தெம்பு மருந்தை நாளைக்குப் பல தடவை என் கடையில் வந்து குடித்துவிட்டுப் போவார் என்று மருந்துக் கடைக்காரர் ஒருவர் கோர்ட்டில் சாட்சி சொன்னார்.

புளோரன்ஸும் உத்தமி அல்ல. 1889 மார்ச்சில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் இன்னொருவனோடு தங்கினாள். அதே மாதக் கடைசியில் குதிரைப் பந்தயத்துக்குப் போய் வந்தபின் வீட்டில் சண்டை. புருஷன் அடித்த அடியில் அவள் கண் கன்றிப்போயிற்று. ஏப்ரலில் அவள் ஈக்களைக் கொல்லும் பாஷாணக் காகிதம் வாங்கி, படுக்கையறையில் தண்ணீரில் ஊறப் போட்டதை வேலைக்காரி பார்த்தாள். முகத்துக்குப் பூச என்றாள் அவள். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் அதைப் பூசிக்கொண்டது உண்மைதான். ஏப்ரல் 27-ல் மேப்ரிக் நோயில் விழுந்தான். மே மாதம் காதலனுக்கு அவள் எழுதிய கடிதத்தைத் தாதி பிரித்துப் படித்து, எஜமானனின் சகோதரனிடம் கொடுத்தாள். அந்த நிமிஷம் வரை வயிற்றுக் கோளாறாக இருந்த நோய், அந்த நிமிஷத்திலிருந்து விஷமாயிற்று. மே 11-ல் அவன் இறந்தான்.

அவளுக்கு எதிராக ஒன்றுமே இல்லை என்று மறைக்க மாட்டேன். நோயாளிக்கு வைத்திருந்த மாமிசச் சாற்றுப் புட்டியில் பாஷாணம் இருந்தது. அவர் கெஞ்சிக் கேட்டதால் ஒரு பொடியைப் போட்டேன் என்று அவளே சொன்னாள். பிரமாணம் செய்து சாட்சி சொல்லக் குற்றவாளிக்கு இங்கிலாந்தில் அன்று உரிமை இல்லை. அது 1898-ல்தான் வந்தது. ஆகவே வெறும் வாக்குமூலமாகச் சொன்னாள். அதைக் குறுக்கு விசாரணை செய்து பார்க்க யாராலும் முடியவில்லை. ஆனால் அந்தப் புட்டியிலிருந்து அவன் குடித்ததாக ருசுவில்லை. அவன் உடலில் அகப்பட்ட பாஷாணமோ ஓர் ஆளைக் கொல்லப் போதுமானதல்ல. டாக்டர்கள் இரண்டு கட்சியாக நின்று, ஒரு கட்சி விஷம் என்றும் மற்றக் கட்சி குடல் அழற்சி என்றும் அடித்துச் சொன்னார்கள்.

இன்ஷூரன்ஸுக்கு வருகிறேன். இரண்டு பாலிசிகள்: ஒன்று 500 பவுன், ஒன்று 2,000 பவுன். எடுத்தவன் கணவன். மனைவி பேருக்கு வைத்தவனும் அவன்தான். நோயில் விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் எழுதிய உயிலில் சொத்தையெல்லாம் சகோதரர்கள் பொறுப்பில் குழந்தைகளுக்கு ஒதுக்கிவிட்டு, மனைவிக்கு இந்தப் பாலிசிகளைத்தான் விட்டான். அதிலிருந்து வரும் வருமானம் சிறியதுதான் என்று அவனே அதில் எழுதியிருக்கிறான். நாலைந்து வேலைக்காரர்களை வைத்து வாழ்ந்தவளுக்கு அவன் சாவில் என்ன லாபம் என்று திண்ணைக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம்.

1889 ஜூலை 31-ல் லிவர்பூலில் விசாரணை தொடங்கிற்று. நீதிபதி ஸர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இந்தப் பெயர் நமக்குத் தூரத்துப் பெயரல்ல. 1869 முதல் 1872 வரை வைஸ்ராயின் சபையில் சட்ட மெம்பராக இங்கே இருந்தவர். நம்முடைய 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தை எழுதியவரே அவர்தான். 2024 ஜூலை 1 வரை, நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல், இந்த நாட்டில் எது சாட்சி, எது சாட்சியல்ல என்பதை அந்த மனிதரின் வாக்கியங்கள்தாம் தீர்மானித்தன. கிரிமினல் வழக்கில் குற்றவாளியின் கெட்ட நடத்தை சம்பந்தமற்றது, தான் நல்லவன் என்று அவனே ருசுப்படுத்த முயன்றாலொழிய அதை எடுக்கக் கூடாது என்று அதில் எழுதி வைத்தவர் அவர்.

அப்படி எழுதியவர் லிவர்பூலில் என்ன செய்தார்? இரண்டு நாள் ஜூரிகளுக்குப் பிரசங்கம் செய்தார். இதை வெறும் வைத்திய வழக்காகப் பார்க்கக் கூடாது, இதில் மிக முக்கியமான ஒழுக்கப் பிரச்னையும் அடங்கியிருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னார். அவளுடைய கள்ள உறவையும் கடிதத்தையும் திரும்பத் திரும்ப எடுத்து விரித்தார். கொலையின் நோக்கத்தைக் காட்ட அந்த உறவைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரலாம். அதற்கு அவர் எழுதிய சட்டத்திலேயே இடம் உண்டு, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோக்கம் என்று சொல்லி வாசல் வழியாக உள்ளே வந்தது, வந்தபின் ருசுவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓர் ஆள் எதனால் செத்தான் என்பது வைத்தியக் கேள்வி இல்லாமல் வேறு என்ன கேள்வி? செத்தவனுக்கும் ஒரு வைப்பு இருந்தாளே, அதைப் பற்றி யார் இரண்டு நாள் பேசினார்கள்? ஒரே வீட்டில் இரண்டு துரோகம். ஆண் செய்தது வீட்டு விவகாரம். பெண் செய்தது கொலைக்குச் சாட்சியம்.

ஜூரிகள் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குற்றவாளி என்றார்கள். தூக்குத் தண்டனை. வெளியே நின்ற ஜனங்கள் நீதிபதியின் வண்டியைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டார்கள். முன்பு இதே ஊரில் முன்விசாரணைக்கு வந்த சீமாட்டிகள் அவளைப் பார்த்துச் சீறியிருந்தார்கள். ஊர் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்பீல் செய்யக் கோர்ட்டு கிடையாது. கிரிமினல் அப்பீல் சட்டம் 1907-ல் பிறந்தது. மனுக்களின்பேரில் உள்நாட்டு மந்திரி ஹென்றி மாத்யூஸ் தலையிட்டார். கொல்லும் எண்ணத்தோடு விஷம் கொடுக்க முயன்றாள் என்பது தெளிவு, ஆனால் அவன் செத்தது அந்த விஷத்தால்தானா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்றார். சந்தேகம் இருந்தால் கொலைக் குற்றம் எங்கே நிற்கும்? தூக்கை ரத்து செய்து, ஆயுள் தண்டனை விதித்தார்கள். கொலை செய்ய முயன்றாள் என்று அவள்பேரில் யாரும் வழக்குப் போடவே இல்லை. போடாத வழக்குக்காகக் கிட்டத்தட்ட பதினைந்து வருஷம் சிறையில் இருந்து, 1904-ல் வெளியே வந்தாள்.

இதற்கிடையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி 2,000 பவுனைக் கொடுக்க மறுத்துவிட்டது. அவள் அந்தப் பாலிசியில் தனக்கிருந்த உரிமையைத் தன் வக்கீலுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கணவனைக் கொன்று சுகமாக அனுபவிக்கக் குறி வைத்ததாகச் சொல்லப்படும் பணம் போன வழி அது! அப்பீல் கோர்ட்டு 1891-ல் தீர்ப்புச் சொல்லிற்று: தான் செய்த கொலையின் பலனைக் கொலைகாரி அடைய முடியாது. நல்ல நியாயம், நம் 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் அவள் விஷயத்தில் யோசித்துப் பாருங்கள். கயிற்றைக் கையில் எடுத்தபோது, கொலைதானா என்று ஒரு சர்க்காருக்கே சந்தேகம். காசை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும், சந்தேகமில்லாமல் கொலை.

வெளியே வந்தவள் அமெரிக்காவுக்குத் திரும்பினாள். குழந்தைகளை அவள் மறுபடி பார்க்கவே இல்லை. கடைசியில் மேப்ரிக் என்ற பெயரையும் விட்டுவிட்டு, கனெக்டிகட்டில் ஒரு சிறு குடிசையில் பூனைகளோடு இருந்து, 1941 அக்டோபரில் செத்துப் போனாள். பக்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவள் யாரென்பது அப்புறந்தான் தெரிந்தது.

இவ்வளவையும் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கொன்றாளா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

"எனக்குத் தெரியாது ஸார். பன்னிரண்டு ஜூரிகளுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் அவர்களை அங்கே உட்கார வைத்திருந்தது."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். காப்பி வந்தது. ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"சரி, அந்த 2,000 பவுன் கடைசியில் யாருக்குத்தான் போயிற்று?"

"உயிலை நிறைவேற்றுகிறவர்களிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவாயிற்று. அதாவது, செத்தவனுடைய சகோதரர்கள்."

"அப்படிச் சொல்லுங்கள்!" என்று தலைமையாசிரியர் தொடையில் ஓர் அடி அடித்தார். காப்பி வேஷ்டியில் சிந்திற்று. "அப்போது அவர்கள்தான் ஸார் கொன்றிருக்கிறார்கள்!"